இது யார் சொன்ன 18? பல கிளைக் கடைகளுக்கு செட்டிங்ஸ் திரை வடிவமைப்பது பற்றி

2024 ஜனவரி 1, திங்கட்கிழமை. இலங்கையில் வற் வரி, அதாவது பெறுமதி சேர் வரி (VAT), 15 வீதத்திலிருந்து 18 வீதமான முதல் நாள். காலை பத்தரை மணி போல சாப்பாட்டுக்கடை முதலாளி ஒருவர் அழைப்பெடுத்தார். கொழும்பிலும் வெளியூர்களிலுமாக அவருக்கு 14 கிளைகள். அத்தனை கடைகளிலும் பில் போடும் மென்பொருளின் திரைகளை வடிவமைத்தவன் நான்.

"தம்பி, வெள்ளவத்தையில பில் சரியா 18 அடிக்குது. தெஹிவளையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் ஏன் இன்னும் 15?"

"எல்லாத்துக்கும் சேர்த்துத்தானே மாத்தினீங்கள் அண்ணை?"

"நேற்று இரவே மாத்திட்டன். வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். தலைமைக் கடையின் திரையில் 18 என்று பளிச்சென்று நின்றது. இரண்டு கடைகள் மட்டும் பழைய 15ஐப் பிடித்துக்கொண்டு இருந்தன. அன்று மதியம் வரை அந்த இரண்டு கடைகளும் வாடிக்கையாளரிடம் வாங்காமல் விட்ட 3 வீதத்தை முதலாளி தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பிழை அவருடையது இல்லை. கணக்குப் போடும் நிரலிலும் பிழை இல்லை. அதற்குச் சொல்லப்பட்டதை அது ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. நான் வரைந்த திரைதான் அவருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தது.

அந்த விஷயத்தை இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு கடை மட்டும் இருந்தால் செட்டிங்ஸ் என்பது பெரிய வேலை இல்லை. வரி எத்தனை வீதம், சேவைக் கட்டணம் எத்தனை, கடை எத்தனை மணிக்குத் திறக்கும், பில்லின் அடியில் என்ன வாசகம், எந்த பிரின்டர். எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் வரிசையாகக் கேட்டு, கீழே 'சேமி' என்று ஒரு பட்டன் வைத்தால் முடிந்தது. இரண்டாவது கடை வந்தால் அதே பக்கத்தை இன்னொரு முறை நிரப்பலாம். நான்காவது கடையில் சலிப்பு வரும். பதினான்கு கடை, கடைக்கு நாற்பது செட்டிங் என்றால் 560 கட்டங்கள். அவற்றில் ஐந்நூறு கட்டங்களில் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருப்போம்.

ஆகவே எல்லோரும் போகும் வழி ஒன்று உண்டு. பொதுவானதை மேலே ஓரிடத்தில் ஒரு தடவை எழுதுவது. கிளைகள் அதைப் பார்த்து நடப்பது. எந்தக் கிளைக்கு எது வேறாக வேண்டுமோ அதை மட்டும் அந்தக் கிளையில் எழுதுவது. மேலே இருப்பதைப் பொதுப் பெறுமதி என்றும் கிளையில் எழுதுவதைத் தனிப் பெறுமதி என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். கணினி உலகத்துக்கு இது பழைய யோசனை. 1996 டிசம்பரில் முதல் பதிப்பாக வெளிவந்த சிஎஸ்எஸ், இணையப் பக்கங்களின் நிறத்தையும் எழுத்தளவையும் தீர்மானிப்பது, இப்படி மேலிருந்து கீழே வழிந்து இறங்குவதைத் தன் பெயரிலேயே (Cascading Style Sheets) வைத்திருக்கிறது. யோசனை எளிது. அதை ஒரு கடை முதலாளிக்குத் திரையில் காட்டுவதுதான் கஷ்டம்.

ஏன் கஷ்டம் என்பது வெள்ளவத்தையில் போடிங்கில் இருந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். வீட்டுக்கார அன்ரி ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: இரவு 9 மணிக்குக் கேட் பூட்டப்படும். அறையில் மூன்று பேர். முதலாமவர் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுச் சட்டம்தான் அவருக்கும். இரண்டாமவருக்கு இரவு வேலை. அன்ரியிடம் கேட்டு 1 மணி வரைக்கும் அனுமதி வாங்கிவிட்டார். மூன்றாமவர் மாலை வகுப்பு முடிந்து பஸ் பிடித்து வர வேண்டும். அவருக்கு 10 மணி வரை அனுமதி.

கொஞ்ச நாளில் அன்ரி மனம் இரங்கி வீட்டுச் சட்டத்தையே 10 மணி ஆக்கினார். இப்போது முதலாமவருக்கும் 10, மூன்றாமவருக்கும் 10. புதிதாக அந்த வீட்டுக்கு வருகிற ஒருவருக்கு இந்த இரண்டு பேருக்கும் இடையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பிறகு ஒரு நாள் ஒழுங்கையில் யாருடையதோ சைக்கிள் களவு போக, சட்டம் மறுபடி 9 மணிக்குத் திரும்புகிறது. முதலாமவர் 9 மணிக்குள் வந்தாக வேண்டும். மூன்றாமவர்? அவர் முன்பு கேட்டு வாங்கிய அனுமதியை யாரும் பறிக்கவில்லை. அவருக்கு இன்னமும் 10 தான்.

இரண்டு பேருக்கும் எண் ஒன்றாக இருந்தபோதும் அது வந்த வழி வேறு. ஒன்று வீட்டுச் சட்டத்தின் 10, மற்றது கேட்டு வாங்கிய 10. சட்டம் மாறும் வரை இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மாறும் நாளில்தான் வேறுபாடு வெளியே வரும்.

தெஹிவளைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடந்தது இதுதான். வெள்ளவத்தைக் கிளையின் வரிக் கட்டம் தரவுத்தளத்தில் காலியாக இருந்தது. அதாவது 'மேலே என்னவோ அதுவே'. தெஹிவளையின் கட்டத்தில் 15 என்று சொந்தமாகவே எழுதப்பட்டிருந்தது. என் திரையோ இரண்டையும் ஒரே மாதிரி, ஒரே கறுப்பு எழுத்தில், 15 என்று காட்டிக்கொண்டிருந்தது. முதலாளி பார்த்தால் எல்லாக் கிளையும் ஒழுங்காகத்தான் தெரியும்.

தெஹிவளைக்கு யார் 15 என்று தனியாக எழுதியது? யாரும் எழுதவில்லை. புதுக் கிளை திறக்கும்போது நேரம் மிச்சம் பிடிக்கட்டும் என்று 'இதே போல் இன்னொரு கிளை' என்று ஒரு பட்டன் வைத்திருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட. வெள்ளவத்தையைப் பார்த்து அழுத்தினால் அதன் செட்டிங்ஸ் முழுவதும் புதுக் கிளைக்கு வந்துவிடும். ஆனால் அந்தப் பட்டன் பிரதி எடுத்தது திரையில் தெரிந்த எண்களை. காலிக் கட்டம் காலிக் கட்டமாகப் போகவில்லை. அந்த நேரத்தில் அதற்குள் தெரிந்த 15, புதுக் கிளையின் சொந்தப் பெறுமதியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பட்டனால் பிறந்தவை இரண்டு கிளைகள். எந்த இரண்டு என்று சொல்லத் தேவையில்லை.

சரி, திரையில் எதைக் காட்ட வேண்டும்?

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பக்கமும் தள்ளுகிற சுவிட்சை எல்லா இடத்திலும் போடுகிற பழக்கம். கிளைத் திரையில் அந்த சுவிட்சுக்கு மூன்று நிலை தேவை: ஆம், இல்லை, 'இந்தக் கிளை ஒன்றும் சொல்லவில்லை, தலைமைக் கடை சொன்னபடி'. மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 2000 உடன் கொண்டுவந்த குரூப் பொலிசி, அதாவது ஒரு நிறுவனத்தின் கணினிகள் முழுவதற்கும் ஓரிடத்திலிருந்து விதி போடும் வசதி, ஒவ்வொரு விதிக்கும் இப்படி மூன்று நிலைகளைத்தான் வைத்தது. எண்களுக்கும் இதே கதை. புறக்கோட்டையில் நின்றுகொண்டே வாங்கிப் போகிற சின்னக் கடையில் 10 வீத சேவைக் கட்டணம் எடுப்பதில்லை. அங்கே 0 என்று இருக்க வேண்டும். பூச்சியமும் காலியும் ஒன்றில்லை. பூச்சியம் ஒரு முடிவு, காலி முடிவை மேலே விட்டது. 'எண் இல்லையென்றால் பூச்சியம் போட்டுக்கொள்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போன நிரலாளர்களோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன்.

அடுத்தது, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் அது யாருடைய பெறுமதி என்று எழுத்தில் சொல்ல வேண்டும். நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு 'நீலம் என்றால் தனி, சாம்பல் என்றால் பொது' என்று விடுவது எனக்குப் பிடிக்காது. வெயில் அடிக்கிற கவுன்டரில் பழைய மொனிட்டரில் சாம்பலும் நீலமும் ஒன்றுதான். நான் இப்போது எழுதுவது இப்படி:

சேவைக் கட்டணம்: 10 வீதம். தலைமைக் கடையின்படி.

சேவைக் கட்டணம்: 0 வீதம். இந்தக் கிளைக்கு மட்டும். தலைமைக் கடையில் 10.

இரண்டாவது வரியின் கடைசி மூன்று சொற்கள்தான் முக்கியம். தனிப் பெறுமதி இருக்கும் இடத்தில், அது இல்லாவிட்டால் என்ன இருந்திருக்கும் என்பதும் தெரிய வேண்டும். கிட் (Git), அதாவது நிரலில் செய்கிற மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி, பயன்படுத்தும் நிரலாளர்களுக்கு இந்தச் சுகம் தெரியும். அதன் செட்டிங்ஸ் கணினி முழுவதற்கும் ஒன்று, ஆளுக்கு ஒன்று, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒன்று என்று மூன்று இடங்களில் இருக்கலாம். ஒரு பெறுமதி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று கேட்பதற்கே ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள். கடை முதலாளி கட்டளை தட்டப் போவதில்லை. அவர் கேட்காமலே திரை சொல்ல வேண்டும்.

இங்கே சொல் தேர்வு பற்றிக் கொஞ்சம். இந்தக் கருத்துக்கு ஆங்கிலத்தில் 'பரம்பரையாகப் பெற்றது' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. அதைத் தமிழில் 'மரபுரிமையாகப் பெறப்பட்டது' என்று போட்ட ஒரு திரையை நான் பார்த்திருக்கிறேன். சேவைக் கட்டணம் மரபுரிமையாகப் பெறப்பட்டது! ஏதோ காணி உறுதி வாசிப்பது போல இருந்தது. கெஷியர் தம்பிக்கு விளங்குவது 'தலைமைக் கடையின்படி' தான். கொழும்பில் இந்தத் திரை சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வர வேண்டும் என்பதையும் முதல் நாளே மனதில் வையுங்கள். ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல்லுக்கு அளவெடுத்து வைத்த பெட்டிக்குள் 'தலைமைக் கடையின்படி' அடங்காது, 'தலைமைக் கடை...' என்று வெட்டுப்பட்டு நிற்கும். அப்போது மிச்சம் தெரியாமல் எல்லாமே ஒன்று போல ஆகிவிடும், நாம் மறுபடி ஜனவரி 1க்குப் போய்விடுவோம். நான் முதலில் தமிழில் திரையை வரைந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற இரண்டு மொழிகளுக்கும் போகிறேன். தமிழ் அடங்கினால் மற்றவை பெரும்பாலும் அடங்கும்.

தனிப் பெறுமதி போட வழி இருந்தால் அதை எடுக்கவும் வழி வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுவார்கள். கிளை முகாமையாளர் 0 என்று போட்டிருந்ததை மாற்ற நினைத்து 10 என்று தட்டினால், எண் சரியாகிவிட்டது போலத் தெரியும். உண்மையில் அது அந்தப் போடிங் மூன்றாமவரின் 10. ஆகவே 'தலைமைக் கடையின்படி ஆக்கு' என்று தனியாக ஒரு பட்டன் இருக்க வேண்டும். அது எண்ணை எழுதக்கூடாது, கட்டத்தைக் காலியாக்க வேண்டும். யாராவது கையால் தலைமைக் கடையின் எண்ணையே தட்டினால் அந்த இடத்திலேயே கேட்டுவிடலாம்: "இது தலைமைக் கடையின் பெறுமதிதான். இனி அங்கே மாறினால் இங்கேயும் மாறட்டுமா?" எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற மென்பொருளை எனக்கும் பிடிக்காது. ஆனால் இந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது.

இதுவரை சொன்னது கிளையிலிருந்து மேலே பார்க்கும் திரை. முதலாளி மேலிருந்து கீழே பார்ப்பது வேறு திரை. என் பெரிய பிழை அங்கேதான். அவர் 15ஐ 18 ஆக்கிச் சேமித்தபோது என் திரை 'சேமிக்கப்பட்டது' என்று ஒரு பச்சைப் பட்டையைக் காட்டிவிட்டுப் போய்விட்டது. அது சொல்லியிருக்க வேண்டியது இது:

இந்த மாற்றம் 12 கிளைகளுக்குப் போகும். தெஹிவளை, கொட்டாஞ்சேனை ஆகிய 2 கிளைகளில் தனிப் பெறுமதி (15) இருக்கிறது; அவை மாறாது.

அதன் கீழே இரண்டு வழிகள்: அந்த இரண்டையும் சேர்த்து மாற்று, அல்லது அப்படியே விடு. எண்ணிக்கையை மட்டும் சொல்லி நிறுத்தாமல் கிளைகளின் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் அனுபவம். '2 கிளைகள் மாறாது' என்றால் அவசரத்தில் இருப்பவர் தாண்டிப் போய்விடுவார். 'தெஹிவளை' என்று கண்டால் நிற்பார். அந்தக் கடையில் யார் நிற்கிறார் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. வரியைக் கிளையில் மாற்றுவதற்கே ஏன் இடம் வைத்தேன்? வற் வரி நாடு முழுவதற்கும் ஒன்று. 2022இல் மட்டும் அது ஜூன் 1இல் 8இலிருந்து 12 ஆகவும், செப்டெம்பர் 1இல் 15 ஆகவும் போனது. அடிக்கடி மாறுவது, எல்லோருக்கும் ஒரே நாளில் மாறுவது. அப்படிப்பட்டதைக் கிளையில் தொட முடியாதபடி பூட்டிவிட வேண்டும். ஒவ்வொரு செட்டிங்கையும் எடுத்து 'இதைத் தீர்மானிக்க உரிமை யாருக்கு' என்று கேட்பதே வடிவமைப்பு வேலையின் பாதி. வரி முதலாளியின் கையிலும் இல்லை, அரசாங்கத்தின் கையில். பில்லில் வரும் சின்னமும் விலைக்கழிவு கொடுக்கிற அளவும் தலைமைக் கடையுடையது. திறக்கிற, மூடுகிற நேரம் கிளையுடையது. பிரின்டர் கிளைக்கும் கீழே, அந்தக் கவுன்டருடையது. திரை வரைவதற்கு முன்னால் ஒரு கடதாசியில் இந்தப் பங்கீட்டை முதலாளியோடு இருந்து எழுதுங்கள். அந்த உரையாடலில் வருகிற வாக்குவாதங்களே உங்களுக்குக் கிடைக்கும் தகவல்.

பூட்டியதைக் கிளைத் திரையிலிருந்து மறைத்துவிடாதீர்கள். மறைத்தால் முகாமையாளர் மெனு முழுவதும் தேடிக் களைத்து, கடைசியில் உங்களுக்கே அழைப்பெடுப்பார். 'வற் வரி: 18 வீதம். தலைமைக் கடையில் மட்டும் மாற்றலாம்' என்று இருந்தால் அவருக்கு யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தலைமைக் கடை, கிளை என்று இரண்டு படிதானா, நடுவில் மாகாணம், மாவட்டம் என்று வைக்கலாமா என்று புதியவர்கள் உற்சாகமாகக் கேட்பார்கள். என் பதில்: முடிந்தவரை வைக்காதீர்கள். மேலே சொன்ன குரூப் பொலிசியில் கணினி, தளம், டொமெய்ன், அதற்குள் பிரிவுகள் என்று பல படிகள். கடைசியில் சொன்னது வெல்லும். அதற்கு மேல் 'கீழே மாற்ற முடியாது' என்று ஒரு கட்டளை, 'மேலிருந்து வருவதைத் தடு' என்று இன்னொன்று. முடிவில் ஒரு கணினியில் உண்மையாக எந்த விதி நடக்கிறது என்று பார்ப்பதற்கே தனிக் கருவி செய்ய வேண்டி வந்தது. ஆயிரக்கணக்கான கணினிகளை நிர்வகிக்கும் இடத்துக்கு அது தேவைப்படலாம். பதினான்கு சாப்பாட்டுக்கடைக்கு அது பாரம்.

அப்புறம், படிகள் இடத்தை வைத்தே பிரிகின்றன. வாழ்க்கை அப்படிப் பிரிவதில்லை. 2022இன் மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் 31இல் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. அந்தக் காலத்தில் பிரதேசங்களை ஆங்கில எழுத்துக்களால் பிரித்து, எழுத்துக்கு ஒரு நேர அட்டவணை வெளியிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் வேறு எழுத்து, தூரத்து ஊர்கள் ஒரே எழுத்து என்று கலந்து கிடந்தது. கடை நேரத்தை மாற்ற வேண்டிய முதலாளிக்கு 'மேல் மாகாணம்' என்ற படி ஒன்றுக்கும் உதவாது. அவருக்குத் தேவை 'இந்த எழுத்தில் இருக்கும் கடைகள்' என்ற குழு. அதனால் படிகளுக்குப் பதிலாக அடையாளச் சீட்டு போல வையுங்கள்: ஒரு கிளைக்கு 'கடலோரம்', 'இருந்து சாப்பிடலாம்', 'சைவம் மட்டும்' என்று எத்தனை சீட்டும் ஒட்டலாம். சீட்டைப் பிடித்துக் கிளைகளைத் தெரிவு செய்து மாற்றலாம். ஆனால் சீட்டுக்கென்று சொந்தப் பெறுமதி வைக்காதீர்கள். ஒரு கிளைக்கு இரண்டு சீட்டு, இரண்டும் வேறு வேறு எண் சொன்னால் எது வெல்லும் என்ற கேள்விக்கு எந்தத் திரையும் அழகாகப் பதில் சொல்லாது.

இப்படிப் பல கிளைகளை ஒன்றாகத் தெரிவு செய்து மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. ஐந்து கடைகளைத் தெரிவு செய்தால் மூடும் நேரம் மூன்றில் 10, இரண்டில் 11. கட்டத்தில் எதைக் காட்டுவது? முதல் கடையின் நேரத்தைக் காட்டினால் பொய். காலியாகக் காட்டினால், சேமிக்கும்போது ஐந்திலும் காலியை எழுதிவிடுகிற நிரல்கள் உண்டு. 'பல நேரங்கள்' என்று எழுதி, பயனர் தொட்டாலொழிய அந்தக் கட்டத்தைச் சேமிப்பில் சேர்க்காமல் விடுவதுதான் ஒழுங்கு. சரி அடையாளம் போடும் பெட்டிக்கு, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் இதற்கென்றே ஒரு நடுநிலை இருக்கிறது, பெட்டிக்குள் ஒரு கோடு போல வரும். ஆனால் அது தோற்றம் மட்டும், அதையும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியால்தான் கொண்டுவர முடியும். சேமிக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி: முடிவு நாள் உள்ள தனிப் பெறுமதி. நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சாப்பிடாமல் விடுகிற வீடுகள் ஏராளம். யாழ்ப்பாணக் கிளையில் மெனு மாறும். நோன்பு காலத்தில் சில கிளைகளின் நேரம் மாறும். பௌர்ணமிப் போயா தினத்தில் மதுபானம் விற்க முடியாது, அது சட்டம். ஆனால் அது மாதம் தவறாமல் வருவது, ஆகவே அதை நாட்காட்டியாகத் தலைமைக் கடையிலேயே வைத்துவிட வேண்டும். நல்லூர் அப்படி இல்லை. கொடியேற்றத்தன்று முகாமையாளர் மெனுவை மாற்றுவார். திருவிழா முடிந்த பிறகு மாற்றியதைத் திருப்பி வைக்க மறந்துவிடுவார். அடுத்த மாதம் தலைமைக் கடை விலைப்பட்டியலை மாற்றினால் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் போய்ச் சேராது. நாங்கள் கண்டுபிடித்த பழைய தனிப் பெறுமதிகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு காலத்தில் நியாயமாக இருந்து, பிறகு மறக்கப்பட்டவை. ஆகவே தனிப் பெறுமதி போடும்போதே 'எது வரைக்கும்?' என்று கேளுங்கள். 'நான் மாற்றும் வரை' என்பதும் ஒரு பதிலாக இருக்கட்டும். ஆனால் நாள் கொடுத்தால் அந்த நாள் முடிந்ததும் கட்டம் தானாகக் காலியாகிவிடும். கூடவே ஒரு வரியில் காரணம் எழுத இடம். 'நல்லூர்' என்ற ஒரு சொல் போதும். ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு அது பெரிய உதவி.

மாற்றம் எந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் இதே போலக் கேட்கலாம். அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் அந்த முதலாளி டிசம்பர் 31 இரவு விழித்திருந்து மாற்றியிருக்கத் தேவையில்லை. கனடாவில் ஒரு கிளை திறக்கிற யோசனை இருந்தால் நேர வலயம் கிளையின் சொந்தக் கட்டமாக இருக்க வேண்டும். கொழும்பின் நள்ளிரவு ரொறன்ரோவின் நள்ளிரவு இல்லை.

இன்னொரு இடத்திலும் 'சேமிக்கப்பட்டது' என்ற சொல் பொய் சொல்லும். தலைமைக் கடையில் சேமித்தது கிளையின் பில் மெஷினுக்குப் போய்ச் சேர வேண்டும். ஹட்டன் பக்கம் மழைக்கு இணைப்பு விழுந்திருந்தால் அந்தக் கடை பழைய செட்டிங்கிலேயே பில் போட்டுக்கொண்டிருக்கும். போட்டுக்கொண்டிருக்கவும் வேண்டும், இணைப்பு இல்லை என்று சாப்பிட்டவர்களை இருத்தி வைக்க முடியாது. ஆகவே முதலாளியின் திரையில் 'சேமித்தாயிற்று' என்பது ஒன்று, '13 கிளைகளில் நடைமுறையில், ஹட்டனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை' என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள். யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்ற பதிவும் கூடவே இருக்கட்டும்.

எல்லாக் கிளைகளையும் எல்லா செட்டிங்கையும் ஒரே பெரிய அட்டவணையில் காட்டச் சொல்லி முதலாளிமார் கேட்பார்கள். கேட்டால் செய்து கொடுங்கள், பதினான்கு வரிசை தாங்கும். ஆனால் முதலில் திறப்பது 'வேறுபடுபவை மட்டும்' என்ற பார்வையாக இருக்கட்டும். 560 கட்டங்களில் தலைமைக் கடையிலிருந்து விலகி நிற்பவை முப்பதோ நாற்பதோதான். அந்தப் பட்டியலை மாதம் ஒரு தடவை தேநீரோடு இருந்து பார்க்கலாம். எங்கள் முதலாளிக்கு அதை முதன்முதலில் காட்டியபோது, இரண்டு வருடத்துக்கு முன்னர் விலகிப்போன ஒரு முகாமையாளர் போட்ட கழிவு ஒன்று நீர்கொழும்பில் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டார். அவர் அந்த முகாமையாளரைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

திரை சரியா என்று எப்படிப் பார்ப்பது? அழகாக இருக்கிறதா என்று யாரிடமும் கேட்காதீர்கள்; நம்மவர்கள் மரியாதைக்கு 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். கடதாசியில் அச்சடித்து ஒரு கெஷியரிடம் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த 10 எங்கிருந்து வந்தது? தலைமைக் கடையில் 12 ஆக்கினால் இங்கே என்ன ஆகும்? இதை இங்கே மாற்ற உங்களுக்கு அனுமதி இருக்கிறதா? மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் வந்தால் நிரலாளரிடம் கொடுக்கலாம். நான் கொட்டாஞ்சேனைக் கிளையில் இதைச் செய்தபோது இரண்டாவது கேள்விக்கு நான்கு பேரில் மூன்று பேர் தடுமாறினார்கள். 'தலைமைக் கடையின்படி' என்ற சொல்லைக் கட்டத்துக்குக் கீழே வைத்திருந்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகு தடுமாற்றம் போய்விட்டது.

அந்த முதலாளி இந்த வருடம் மட்டக்களப்பில் பதினைந்தாவது கிளை திறந்தார். 'இதே போல் இன்னொரு கிளை' பட்டன் இப்போதும் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன், அவர் விடவில்லை. ஆனால் அது இப்போது காலியைக் காலியாகவே பிரதி எடுக்கிறது. தனிப் பெறுமதிகள் இருந்தால் ஒவ்வொன்றாகக் காட்டி, இது புதுக் கடைக்கும் வேண்டுமா என்று கேட்கிறது. வெள்ளவத்தையைப் பார்த்துப் பிரதி எடுத்தபோது அப்படி ஒன்றே ஒன்று வந்தது: 'ஞாயிறு காலை 6 மணிக்குத் திறக்கும். காரணம்: கடற்கரையில் நடப்பவர்கள்'. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மட்டக்களப்பிலயும் ஆக்கள் நடப்பினம்தானே தம்பி?" என்றார்.

"கேட்டுப் பாருங்கோ அண்ணை" என்றேன். அவர் 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, தொலைபேசியை எடுத்தார்.